பாதியில் கைவிட்டவர்கள்

ஷீட்டக்காவுக்கு அந்தப் பெயர் மொட்டைமாடிக் கொடியால் வந்தது. பஸ் நிலையத்தை ஒட்டிய இரண்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அவள்தான் துவைத்துக் கொடுத்தாள். காற்று வீசுகிற நாளில் தெருமுனையில் நின்று பார்த்தால் அந்த வீடு பாய்மரம் கட்டிப் புறப்படத் தயாராக நிற்பது போலிருக்கும். 'ஷீட்டு வீட்டக்கா' என்று யாரோ ஆரம்பித்து, வாய்க்கு வசதியாக ஷீட்டக்கா ஆகிவிட்டது. புருஷனும் ஒருமுறை விளையாட்டாக அப்படிக் கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

லாட்ஜ் விரிப்பில் என்னதான் இருக்காது. தலை எண்ணெய், டீக்கறை, ரத்தம், குழந்தை மூத்திரம். தங்க வந்தவன் ஷூவைத் துடைத்த கறுப்பு. சோடா உப்புக் கரைத்த டிரம்மில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் கல்லில் அடித்து, மூன்று டிரம் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி அலச வேண்டும். அலசலில்தான் தண்ணீர் போகும். அதில் கஞ்சம் பிடித்தால் காய்ந்த துணி மொரமொரவென்று நிற்கும். படுத்தவனுக்கு முதுகு அரிக்கும். மறுநாள் லாட்ஜ் மேனேஜர் மூட்டையோடு வாசலில் வந்து நிற்பார்.

அந்தக் கோடையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நகராட்சி டேங்கர் லாரியில் தண்ணீர் அனுப்பியது. முதலில் லாரி தெருவில் வந்து நிற்கும், கை பலம் உள்ளவர்கள் குழாய்க்குக் கீழே குடத்தைத் தள்ளுவார்கள், மற்றவர்கள் வாய் பலத்தைக் காட்டுவார்கள். கவுன்சிலருக்கு வேண்டியவர்கள் வீட்டு வாசலில் லாரி கொஞ்சம் அதிக நேரம் இளைப்பாறும். இந்தக் கூத்தையெல்லாம் ஒழிக்கத்தான் புதுத் திட்டம் கொண்டுவந்தார்கள். போன் செயலியில் பதிவு செய்தால் வரிசைப்படி உன் வீட்டு வாசலுக்கே தண்ணீர் வரும். சிபாரிசும் கிடையாது, சண்டையும் கிடையாது. திட்டம் கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. ஷீட்டக்காவே அதைப் பாராட்டியவள்தான்.

ஒரு வீட்டுக்கு ஒரு போன் நம்பர். கணக்கெடுக்க ஆள் வந்த அன்று, மாதத்தில் பாதி நாள் ரோட்டிலேயே இருக்கிற லாரி டிரைவரான அவள் புருஷன் வீட்டில் இருந்தான். நம்பர் கேட்டார்கள், தன் நம்பரைச் சொன்னான். அவள் அப்போது கொல்லையில் துணி அடித்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் இருந்தது பட்டன் போன். அதில் பேசலாம், மணி பார்க்கலாம், டார்ச் அடிக்கலாம். ஆகவே தண்ணீர் வேண்டுமென்றால் எதிர்வீட்டில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவளிடம் போக வேண்டும். தெரு அவளைப் 'பார்லர்' என்றே கூப்பிட்டது. பார்லர் யாராவது ஒருத்தி புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே ஒரு கையால் போனை எடுத்து, ஷீட்டக்கா வீட்டு நம்பரைத் தட்டுவாள். உடனே ஓடிபி போகும். எங்கே போகும்? எங்கோ மலைமேல் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு போகிற டிரைவரின் சட்டைப் பைக்குள் போகும். இரண்டு நிமிடத்துக்குள் அந்த ஆறு எண்ணைத் தட்டாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

"ஏங்க, நம்பர் வந்துச்சா?"

"வண்டியில இருக்கேன்மா."

"வண்டியிலதான் இருப்பீங்க. நம்பர் வந்துச்சா இல்லையா?"

"இரு, இரு. டோல்கேட்ல நிக்கிறேன். எழுதிக்க."

டோல்கேட்டில் நின்றால் தண்ணீர் வரும். ஏற்றத்தில் இருந்தால் வராது. சிக்னல் இல்லாத காட்டுப் பாதையில் இருந்தால் இரண்டு நாளைக்கு வராது. ஷீட்டக்கா எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் அவன் லாரி போகும் என்பதை வைத்துத் துணி ஊறவைக்கப் பழகிவிட்டாள்.

ஒருமுறை அவன் வீட்டிலிருந்தபோது கேட்டாள்.

"நம்பரை என் பேருக்கு மாத்திரலாமா? நகராட்சிக்கு நேர்ல வந்து நீங்க சொன்னா மாத்துவாங்களாம்."

"பட்டன் போனுக்கு மாத்தி என்ன பண்ணுவ?"

"ஓடிபி பட்டன் போனுக்கும் வருமாம். பார்லர்தான் சொல்லுச்சு. தட்டுறது அவ போன்ல தட்டிக்கிறேன்."

அவன் சாப்பிட்ட தட்டில் விரலால் கோடு போட்டான். "வீட்டுக்குன்னு ஒரு நம்பர் கேக்குறாங்க. அது என் நம்பரா இருக்கறதுல உனக்கு என்ன குறைச்சல்? நான் எடுக்காமலா போறேன்?"

மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாதவனுக்கு அந்த வீட்டில் இருக்கிற ஒரே இடம் அந்த நம்பர்தானோ என்று அவளுக்குத் தோன்றியது. கையலம்பத் தண்ணீர் ஊற்றினாள்.

விபத்து நடந்த அன்று நல்ல வெயில். லாட்ஜில் கல்யாணக் கூட்டம் தங்கிப் போயிருந்தது, விரிப்புகள் மலையாகக் கிடந்தன. டிரம்மில் அடித்தண்ணீர் கலங்கலாக நின்றது. காலையிலேயே இரண்டு முறை முயன்று தோற்றுவிட்டு, மூன்றாவது முறையாகப் பார்லரின் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டன் போனைக் காதில் வைத்தாள். பார்லர் தன் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"எறக்கத்துல இருக்கேம்மா. அப்புறம் பேசறேன்."

"காலையிலேர்ந்து அப்புறம் அப்புறம்னுதான் சொல்றீங்க. துணி நாறுது. மேனேஜர் ரெண்டு தடவை ஆள் விட்டுட்டாரு."

அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி, சொல்றேன். நாலு."

"நாலு," என்றாள் பார்லரிடம்.

"ஏழு. ஒண்ணு. ஒண்ணு. இரு, முன்னாடி..."

அதற்கப்புறம் நீளமாக ஒரு ஹாரன். பாத்திரக்கடையையே படிக்கட்டில் கொட்டியது போல ஒரு சத்தம். பிறகு போனில் காற்று மட்டும் அடித்தது.

"அடுத்தது என்னக்கா?" என்றாள் பார்லர். "சீக்கிரம் சொல்லுக்கா, நேரம் ஓடுது."

ஷீட்டக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பார்லரின் போனில், நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும் என்று வந்தது.

உயிருக்கு ஒன்றுமில்லை. எதிரே வந்த வேனுக்கு வழிவிட ஒடித்ததில் லாரி சரிந்து ஓரத்துப் பள்ளத்தில் படுத்துவிட்டது. வேனில் இருந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. டைல்ஸ் அத்தனையும் தூள். டிரைவருக்குத் தொடை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து, இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு அவனைக் கிடத்தினாள்.

நாய் குறுக்கே வந்தது என்று அவன் லாரி முதலாளியிடம் சொல்லியிருந்தான். முதலாளியும் நம்பிவிட்டார். கால் சரியானதும் வண்டிக்கு வா என்று, பழத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவன் நாயின் நிறத்தைக்கூடச் சொன்னான். ஷீட்டக்கா அந்த நேரங்களில் அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அவன் போன் சிம்மோடு நொறுங்கிப் போயிருந்தது. அதே நம்பரைத் திரும்ப வாங்க அவனே கடைக்கு வந்து விரல் வைக்க வேண்டுமாம். நகராட்சியில் நம்பரை மாற்றவும் அவனே போக வேண்டும். படுத்துக் கிடப்பவன் எங்கே போவது? வீட்டுக்குத் தண்ணீர் அடியோடு நின்றுவிட்டது. பெட்பேன் கழுவ, உடம்பு துடைக்க, அவன் விரிப்பு துவைக்க என்று தேவை மட்டும் கூடிவிட்டது. பார்லர் தன் பங்கில் பாதி கொடுத்தாள். முனையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிற பெரியவர் தினமும் காலையில் இரண்டு வாளியை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவார். லாட்ஜ் வேலையில் ஒன்று கைவிட்டுப் போனது. இன்னொன்றின் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே வற்றாமல் இருந்த ஒரு கல்குவாரிக் குட்டைக்கு நடந்தாள்.

ஜன்னலோரம் படுத்திருந்தவன் எல்லாவற்றையும் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறாள் என்று அவன் பார்த்ததே இல்லை.

"இவ்வளவு தூக்குறியா நீ?" என்றான் ஒருநாள்.

"ஈரத்துணி கனமாத்தான் இருக்கும்," என்றாள்.

திட்டத்தை இன்னும் சில ஊர்களுக்கு விரிவாக்கப் போவதாகவும், அதற்கு முன்பு மக்களிடம் கருத்துக் கேட்கப் போவதாகவும் நகராட்சி அறிவித்தது. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். ஷீட்டக்கா போவதென்று முடிவு செய்து, புருஷனிடம் சொன்னாள்.

"போய் என்ன சொல்லப் போற?"

"நடந்ததைச் சொல்லப் போறேன்."

அவன் கூரையைப் பார்த்தபடியே கிடந்தான். "முதலாளி காதுக்குப் போனா என் கதை முடிஞ்சுது. ஓட்டும்போது போன் எடுத்தவன்னு தெரிஞ்சா எவன் சாவியைக் கையில குடுப்பான்? நீ என்ன வேணா சொல்லு. அதை மட்டும் சொல்லாத."

"சரி," என்றாள்.

ஹாலில் மேடையில்லாமல், வந்தவர்களுக்கு நடுவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் திட்டத்துக்குப் பொறுப்பான இன்ஜினியரம்மா. முப்பதைத் தாண்டாத வயது, வெயிலில் அலைந்து கறுத்த முகம். இந்தக் கூட்டத்தையே அவள்தான் அடம்பிடித்து வைத்தாள் என்று பேசிக்கொண்டார்கள். எதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

கடிகாரப் பெரியவர் எழுந்தார். "எனக்குச் சின்ன எழுத்து தெரியலை. ஊசி முனையில வேலை பார்த்துப் பார்த்துக் கண்ணு போச்சு. பழையபடி லாரி வந்து நிக்கட்டுமே."

"பழையபடி நின்னா உங்களால குடத்தைத் தள்ள முடியுமா தாத்தா?" என்றாள் இன்ஜினியரம்மா.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "முடியாது," என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்.

ஷீட்டக்கா எழுந்தாள். "எங்க வீட்டு நம்பர் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அவர் வெளியூர்ல லாரி ஓட்டுறவரு. ஓடிபி அங்க போயிடுது."

"போன் பண்ணிக் கேட்டுக்கலாமேம்மா."

"கேப்பேன். ஓட்டிக்கிட்டு இருப்பாரு."

"ஓரமா நிறுத்திட்டுச் சொல்லலாமே? ஒரு நிமிஷ வேலைதானே?"

பின்வரிசையில் யாரோ, "லாரி நிறுத்த ஓரம் எங்க இருக்கு" என்றான். சிலர் சிரித்தார்கள். ஷீட்டக்கா விபத்தைச் சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் பார்லர் அவள் கையை அழுத்தினாள். சொல்லச் சொல்லி அழுத்துகிறாளா, வேண்டாமென்று அழுத்துகிறாளா என்று தெரியவில்லை. "நிறுத்தலாம்தான்," என்று சொல்லி உட்கார்ந்தாள்.

இன்ஜினியரம்மா தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "உங்க தெருவுல நிறைய பேர் பதிவைப் பாதியில கைவிட்டிருக்காங்க. எங்க கணக்குல, தேவையில்லாம விட்டுட்டாங்கன்னுதான் வருது. எனக்கு அது சரியாப் படலை. ஆனா, எதனாலன்னு நீங்க சொன்னாத்தான் மேல போய் நான் பேச முடியும். இங்க நாலு பேர் முன்னாடி பேசக் கூச்சமா இருந்தா, அடுத்த வாரம் நானே தெருவுக்கு வர்றேன்."

வீட்டுக்கு வந்தவளிடம் அவன் என்ன ஆச்சு என்று கேட்டான். அவள் அரிசி களைந்த தண்ணீரை ஒரு வாளியில் சேமித்துக்கொண்டே சொன்னாள்.

"ஓரமா நிறுத்திட்டுச் சொல்லலாமேன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நிறுத்தலாம்தான்னு சொன்னேன்."

"அந்த எறக்கத்துல நிறுத்த முடியாது," என்றான் அவன், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"அவங்க கணக்குல நமக்கு அன்னைக்குத் தண்ணி தேவையில்லைன்னு இருக்காம்," என்றாள் அவள். "பாதியில கைவிட்டுட்டோமாம்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சொன்னபடி இன்ஜினியரம்மா வந்தாள். தெருவில் நிழல் விழுகிற பக்கம் ஷீட்டக்கா வீட்டுப் பக்கம்தான். பார்லரின் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்தார்கள். தெருப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. யார் வீட்டு நம்பர் யாரிடம் என்று தாங்களே வீடுவீடாகக் கேட்டு வைத்திருந்தார்கள். வேலைக்கு வெளியூர் போன புருஷனிடம், கல்யாணமாகிப் போன மகளிடம், செத்துப்போன மாமனாரிடம். மாமனார் விஷயம் வந்தபோது இன்ஜினியரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இவ்வளவு சிரமம் இருந்தும் ஒருத்தரும் புகார் பண்ணலையே, ஏன்?"

"புகார் பண்ணவும் ஓடிபி கேக்குது," என்றாள் பார்லர்.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மேடம், நான்தான் அந்த லாரி டிரைவர். கொஞ்சம் இப்படித் திரும்புங்க."

இன்ஜினியரம்மா எழுந்து ஜன்னல் கம்பியருகே போனாள். ஷீட்டக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஓரமா நிறுத்தியிருக்கலாம்னு சொன்னீங்களாம். சரிதான். எறக்கத்துல லோடு வண்டியை நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது. கீழ போய் நிறுத்தலாம்னா ரெண்டு நிமிஷம் போயிடும். அதனால ஒரு கையில ஸ்டீரிங்கைப் பிடிச்சிக்கிட்டு இன்னொரு கையில போனைப் பாத்தேன். நாலு நம்பர் சொன்னேன். மிச்சம் ரெண்டைச் சொல்லலை. நாய் எதுவும் வரலை."

மேலே விரிப்புகள் படபடத்தன.

"எதிர்ல ஒரு வேன் வந்துச்சு. அதுல குழந்தைங்க இருந்துச்சு," என்றான். "அவங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் இப்ப இப்படிப் படுத்துக்கிட்டுப் பேசிட்டிருக்க மாட்டேன். பாதியில கைவிட்டவங்கன்னு ஒரு கணக்கு வச்சிருக்கீங்களாமே. அதுல என்னையும் சேத்திருப்பீங்க. சேத்ததை எடுக்க வேணாம். ஏன் விட்டான்னு பக்கத்துல எழுதிக்கங்க."

"உங்க பேரோட எழுதலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள் இன்ஜினியரம்மா.

"பேர் எதுக்கு. டிரைவர்னு எழுதுங்க. தெருவே கேட்டாச்சு, இனிமே மறைக்க என்ன இருக்கு."

கூட்டம் கலைந்ததும் ஷீட்டக்கா உள்ளே வந்தாள். அவள் அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருப்பான். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"உங்களை யாரு சொல்லச் சொன்னது? நான்தான் வாயைக் கட்டிக்கிட்டு வந்துட்டேன்ல?"

"நீ கட்டிக்கிட்டு வந்ததாலதான் சொன்னேன்."

"வண்டி போச்சுன்னா?"

"போகும்."

"நான் கூப்பிடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து இருவரும் சுற்றிச் சுற்றி வந்த இடம் அதுதான்.

"நீ கூப்பிட்டது தண்ணிக்கு," என்றான் அவன். "எடுத்தது நான். அன்னைக்கே நம்பரை மாத்திக் குடுத்திருந்தா நீ கூப்பிட்டிருக்கவே மாட்ட. அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும். மேடம் முன்னாடி வாய் வரலை."

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கொடியில் துணி காய்ந்து கிடப்பது நினைவு வந்து எழுந்தாள்.

வண்டி போனது. முதலாளி சண்டை போடவில்லை. வேறு ஆள் போட்டாச்சு என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

விதியை மாற்ற நகராட்சிக்குக் கோடை முழுக்க ஆனது. இன்ஜினியரம்மா மேலே இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை பார்லரையும் கடிகாரப் பெரியவரையும் கூடவே கூட்டிப் போய்ப் பேசவைத்தாள் என்று கேள்வி. ஒரு வீட்டுக்கு இரண்டு நம்பர் என்றானது. எந்தப் போனிலிருந்தும் சும்மா கூப்பிட்டுப் பேசியே பதியலாம் என்றானது, ஓடிபி கிடையாது. போனே இல்லாதவர்களுக்காகப் பதிந்து கொடுக்கத் தெருவுக்கு இரண்டு பேரைத் தெருக்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தெருவில் அதில் ஒருத்தி பார்லர். பதிவைப் பாதியில் விட்டவர்களுக்கு அன்றே நகராட்சியிலிருந்து போன் வரும்: என்ன ஆச்சு, ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள். எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. பார்லர் தன் வாடிக்கையாளருக்கு முதலில் பதிகிறாள் என்று ஒரு சண்டை வந்தது. அதைத் தெருவில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். இரண்டு வாரத்தில் இன்னொன்று வந்தது.

மாவுக்கட்டைப் பிரிக்கிற நாளில் ஷீட்டக்கா அவனை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வரிசை நீளம், மத்தியானம் ஆகிவிட்டது. கட்டுக்குள்ளிருந்து வெளிவந்த கால் அவனுடையது மாதிரியே இல்லை. சூம்பி, வெளுத்து, செதில் செதிலாகத் தோல் உரிந்து கிடந்தது. அவன் அதைப் பார்க்காமல் ஊன்றுகோலைப் பார்த்தான்.

திரும்பி வந்தபோது வாசலில் டேங்கர் நின்றுகொண்டிருந்தது. டேங்கர்காரர் குழாயை உள்ளே விட்டு எல்லா டிரம்மையும் நிரப்பிவிட்டு, கையொப்பம்கூடக் கேட்காமல் கிளம்பினார். கொல்லையில் துவைக்கிற கல்மேல் அவனை உட்காரவைத்து, அவள் காலைக் கழுவ ஆரம்பித்தாள். சோப்புப் போட்டு, விரலால் மெல்லத் தேய்த்து, செதிலை எடுத்து, ஊற்றி ஊற்றிக் கழுவினாள்.

"போதும்மா. தண்ணி வீணாகுது."

"நாளைக்கும் வரும்."

அவன் நிரம்பிய டிரம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நாம ரெண்டு பேரும் காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியில இருந்தோம். இதை யாரு பதிஞ்சது?"

"நான்தான். உங்களை உள்ள கூப்பிட்டாங்கள்ல, அப்ப வெளிய பெஞ்சுல உக்காந்துக்கிட்டு."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

வழக்கமான பதில்போலத்தான் சொன்னாள், ஆனால் சொன்ன பிறகு அவள் கை அவன் காலிலேயே நின்றுவிட்டது. பிறகு அவன் தலையை ஆட்டிக்கொண்டான். சிரிப்பு கண்ணுக்கு வந்து வாய்க்கு வராமல் நின்றது.

"அதுவும் சரிதான்," என்றான்.

"காலை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க," என்று சொல்லி அவள் செம்பை மறுபடி டிரம்மில் முக்கினாள்.